பூட்டனுக்கு அப்பால்: வன்னியில் அரச வம்சம் தேடுதல்

எமது பாடசாலையில் எந்த வகுப்பை எடுத்தாலும் "நாங்கள் பண்டாரவன்னியன்ரை வழி" என்று சொல்லும் பிள்ளை ஒருத்தியாவது இருந்திருப்பாள். எங்கள் வகுப்பில் இருவர் இருந்தனர். தமக்குள் எந்த உறவும் இல்லை என்பதையும் இருவரும் அடித்துச் சொல்வார்கள். சமூகக்கல்விப் பாடத்தில் முல்லைத்தீவுக் கோட்டை வரும்போது இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்ததை எங்கள் தொகுதி மாணவிகள் இன்றும் சொல்லிச் சிரிப்போம்.

மலர்க்குழுவினர் ஒரு வைத்தியரிடம் எதிர்பார்த்தது நீரிழிவைப் பற்றிய கட்டுரையாக இருந்திருக்கும். அதை எழுத இந்த மலரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். சிகிச்சை நிலையத்தில் ஒவ்வொரு நாளும் மனிதரிடம் அவரது பரம்பரையைக் கேட்டு எழுதுவது எமது தொழிலின் ஒரு பகுதி. அந்தப் பழக்கத்தோடு இந்த அரச வம்சக் கதையையும் ஒருமுறை கேட்டு எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் கொஞ்சம் வெளியூர் போய் வருவோம். இந்த ஆசை எமக்கு மட்டும் உரியதல்ல. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓய்வுபெற்றவர்களின் பெரும் பொழுதுபோக்கு குடும்ப மரம் வரைவது. அந்த மரத்தின் உச்சியில் ஓர் அரசர் இருந்துவிட்டால் அதைவிட மகிழ்ச்சி இல்லை. கி.பி. 800 இல் உரோமாபுரியில் பேரரசராக முடிசூடி 814 இல் இறந்த சார்ளிமேன்தான் பெரும்பாலானோர் போய்ச் சேர விரும்பும் ஆள். இங்கிலாந்தில் எவருடைய வம்சம் எது, எந்தச் சின்னத்தை எவர் பயன்படுத்தலாம் என்று தீர்மானிப்பதற்கென்றே 1484 இல் மூன்றாம் றிச்சட் மன்னர் ஒரு சபையை அமைத்தார். அது இன்றும் இருக்கிறது. தேவை இருக்கும் இடத்தில் வியாபாரமும் வரும். குஸ்தாவ் அஞ்சு என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் செல்வந்தர்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு வம்சாவளிகளை எழுதிக் கொடுத்தார். அவற்றில் பல பொய்யானவை. இப்போதும் குடும்ப ஆராய்ச்சி செய்வோர் அவருடைய பெயரைக் கண்டால் அந்தப் பக்கத்தைத் தள்ளி வைக்கிறார்கள்.

இந்த விடயத்தில் கணிதம் எல்லோரையும் சமப்படுத்திவிடுகிறது. உமக்குப் பெற்றோர் இருவர், அவர்களின் பெற்றோர் நால்வர், பூட்டன் பூட்டிமார் எண்மர். தலைமுறைக்கு 30 ஆண்டு என்று வைத்து 27 தலைமுறை பின்னே போனால், 13 ஆம் நூற்றாண்டில், உமது மரத்தில் 13 கோடியே 42 இலட்சத்துக்கு மேற்பட்ட இடங்கள் இருக்கும். அந்தக் காலத்தில் முழு உலகத்திலும் இருந்தவர்களே சில பத்துக் கோடிப் பேர்தான். அப்படியானால் ஒரே ஆள் பல இடங்களில் திரும்பத் திரும்ப உட்கார்ந்திருக்க வேண்டும். ஜோசப் சாங் என்ற புள்ளிவிபரவியலாளர் 1999 இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஐரோப்பாவில் வாழ்ந்து, இன்றுவரை சந்ததி தொடரும் எவரும் இன்றைய ஐரோப்பியர் எல்லோருக்கும் மூதாதையர் என்பதே அதிலிருந்து பெறப்படும் முடிவு. 2013 இல் மரபணு ஆய்வும் அதற்கு ஒத்துப் போனது. 2016 இல் டனி டயர் என்ற நடிகர், தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில், தாம் மூன்றாம் எட்வேர்ட் மன்னரின் வழி என்று அறிந்து திகைத்துப்போனார். அவர் இலண்டனின் கிழக்குப் பகுதித் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. அவரிடம் வியப்புக்குரியது அரச இரத்தம் அல்ல. அதைக் காட்டுவதற்கு அத்தனை தலைமுறைக்கும் கடதாசி இருந்தது என்பதுதான்.

எமக்கு இல்லாதது அந்தக் கடதாசி.

வன்னியின் பழங்கதை இரண்டு மூன்று நூல்களில் தங்கியிருக்கிறது. வையாபாடல் வன்னிக் குடியேற்றத்தைச் சொல்வது. யாழ்ப்பாண அரசனுக்கு மணப்பெண்ணாக மதுரையிலிருந்து ஓர் அரசகுமாரி வந்தாள் என்றும், அவளோடு 60 வன்னியர் வந்தார்கள் என்றும், அவர்கள் அடங்காப்பற்றைப் பிடித்து ஆண்டார்கள் என்றும் அந்த மரபு போகிறது. மாதகல் மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை 1736 ஆம் ஆண்டளவில் எழுந்தது. அதை எழுதும்படி கேட்டவர் ஒரு தமிழ் அரசர் அல்லர், ஒல்லாந்த அதிகாரி. 1619 இல் அரசு போய், ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின், அந்நியர் ஒருவர் கேட்டதற்காக எமது அரசர்களின் கதை ஏட்டில் ஏறியது. அந்த நேரத்தில் எவரெவர் புலவருக்குப் பக்கத்தில் இருந்து "எங்கள் ஆக்களையும் சேர்த்து எழுதும்" என்று சொல்லியிருப்பார்கள் என்று யோசிக்காமல் அந்த நூலைப் படிக்க எம்மால் முடிவதில்லை.

அரசர்களுக்கும் இதே ஆசை இருந்தது. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் தங்கள் வழியை இராமேசுவரத்து அந்தணரோடு இணைத்துக்கொண்டார்கள். காசில் "சேது" என்று பொறித்தார்கள். ஆங்கிலோ சக்சன் அரசர்கள் தங்கள் மூதாதை வோடன் என்ற தெய்வம் என்றார்கள். பிராங்கியர் தாங்கள் துரோய் நகரத்து வீரரின் வழி என்றார்கள். அரண்மனையில் இருந்தவருக்கே தமது பூட்டன் போதாமல் இருந்திருக்கிறார்.

வன்னியர் என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேராசிரியர் சி. பத்மநாதன் 1970 இல் வெளியிட்ட "வன்னியர்" என்ற நூல் எமது பாடசாலை நூலகத்தில் கட்டாயம் இருக்க வேண்டியது. தமிழகத்தில் அது ஒரு சமூகத்தின் பெயர். இலங்கையில் அது மெல்ல மெல்லப் பதவிப் பெயராகிவிட்டது. 13 ஆம் நூற்றாண்டுச் செய்திகளைச் சொல்லும் சூளவம்சப் பகுதியிலேயே வன்னி அரசர்கள் வருகிறார்கள். பனங்காமம், மேல்பத்து, முள்ளியவளை, கருநாவல்பத்து, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி என்று எமது பக்கத்தில் வன்னிமைகள் இருந்தன. நுவரகலாவியாவில் சிங்கள வன்னியர்கள் இருந்தார்கள். ஆகவே "வன்னியர் வழி" என்பது ஒரே இரத்தத்தைக் குறிப்பதாக இருக்க முடியாது. உடையார், விதானையார் போல அது ஒருவர் வகித்த ஓர் இடம். விதானையாருக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு. அவர்கள் எல்லோரும் ஓர் இனம் என்று நாம் சொல்வதில்லை.

பெண்கள் மலர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறோம்: ஒல்லாந்தர் ஆவணங்களில் "வன்னிச்சி" என்ற பட்டத்தோடு பெண்களும் வருகிறார்கள். திறையாக யானை கேட்ட கொம்பனிக்கு முகம்கொடுத்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். எமது வகுப்பு இருவரில் ஒருத்தியாவது "நான் வன்னிச்சி வழி" என்று சொல்லியிருக்கலாம். எவரும் சொல்லித்தரவில்லை.

இனிப் பண்டாரவன்னியன். 1803 ஓகஸ்ட் 25 இல் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினார். அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோற்றார். அந்த இடத்தில் ஆங்கிலேயர் நாட்டிய நடுகல்லில் இருந்தது இரண்டே வரிச் செய்தி: இந்த இடத்துக்கு அருகில் இன்னார் இன்னாரைத் தோற்கடித்தார், இன்ன திகதி. அன்று அவர் இறந்தார் என்று கல் சொல்லவில்லை. ஆனால் அந்தத் திகதியையே அவர் இறந்த நாளாக வைத்து நினைவுகூரும் வழக்கமும் எம்மிடையே வளர்ந்தது. முல்லைமணி எழுதிய நாடகம் பாடசாலை மேடைகளில் ஏறியது. 1982 இல் வவுனியாவில் சிலை எழுந்தது. தமிழகத்தில் கலைஞர் கருணாநிதி நாவல் எழுதினார். கல் 2010 இல் உடைக்கப்பட்டது. தோற்கடித்தவன் தன் பெருமைக்கு நாட்டிய கல் அது. எமது பெற்றோர் அதைப் பார்க்கக் கூட்டிப்போனபோது எவரும் தோல்வியின் கல்லாக அதைப் பார்க்கவில்லை. இந்த மண்ணில் இப்படி ஒருவர் இருந்தார் என்பதற்கு எதிரி எழுதிக் கொடுத்த சாட்சியாகவே பார்த்தோம்.

இன்று எமது பாடசாலையில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு அவர் காலம் ஏறத்தாழ எட்டுத் தலைமுறை தூரம். அந்த வரிசையில் அவளுக்கு 256 இடங்கள் உண்டு. அவற்றில் ஒன்றில் பண்டாரவன்னியன் இருந்தால் மற்ற 255 இல் இருந்தவர்கள் யார்? குளம் கட்டியவர், தேன் எடுத்தவர், யானை பிடித்தவர், கரைவலை இழுத்தவர், பிள்ளை பெறும்போது இறந்தவர். மரபணுக் கணக்கில் எட்டாம் தலைமுறை மூதாதை ஒருவரிடமிருந்து சராசரியாகக் கிடைப்பது 256 இல் ஒரு பங்கு. இன்னும் சில தலைமுறை பின்னே போனால், மரத்தில் பெயர் இருக்கும் சிலரிடமிருந்து மரபணு என்று ஒரு துண்டும் எம்மிடம் வந்திருக்காது. எச்சிலைக் குப்பியில் விட்டு அனுப்பினால் வம்சம் சொல்லும் பரிசோதனைகளைப் பற்றி வெளிநாட்டிலிருக்கும் தோழிகள் அடிக்கடி கேட்கிறார்கள். உயிரோடு இருக்கும் உறவினரைக் கண்டுபிடிக்க அது உதவும். அரசனைக் கண்டுபிடிக்க உதவாது.

எங்கள் பக்கத்து மச்சான் மச்சாள் கலியாணத்தால் கணக்கு இன்னும் சுருங்கும். உடன் மச்சானை முடித்தவளின் பிள்ளைக்குப் பூட்டன் பூட்டிமார் எண்மர் அல்லர், அறுவர். சொந்தத்துக்குள் சொந்தம் முடிப்பதில் எம்மை மிஞ்சியவர்கள் ஐரோப்பிய அரச குடும்பங்கள். ஸ்பானிய மன்னர் இரண்டாம் சாள்ஸ் 1700 இல் 38 வயதில் பிள்ளையில்லாமல் இறந்தார். அவரது வம்சாவளியை 2009 இல் ஆராய்ந்தவர்கள், உடன்பிறந்த இருவருக்குப் பிறக்கும் பிள்ளையில் இருக்கக்கூடிய அளவு உட்கலப்பு அவரிடம் இருந்ததாகக் கணித்தார்கள். அரச இரத்தத்தைச் சிந்தாமல் காத்ததன் பலன் அது. கலியாணத்துக்கு முன் எம்மிடம் ஆலோசனைக்கு வருவோரிடம் இந்தக் கதையை நாம் சொல்வதுண்டு.

யாழ்ப்பாண அரச குடும்பத்துக்கு நேர்ந்ததோ வேறு விதம். 1619 இல் பிலிப் டி ஒலிவேறா யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் சங்கிலி மன்னன் கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே கொல்லப்பட்டான். குடும்பத்தில் மிஞ்சியோர் மதம் மாற்றப்பட்டு, பலர் துறவு மடங்களில் சேர்க்கப்பட்டார்கள். துறவிக்குப் பிள்ளை இல்லை. ஒரு வம்சத்தை இரத்தம் சிந்தாமல் முடிக்கும் வழியைப் போர்த்துக்கேயர் நன்றாக அறிந்திருந்தார்கள்.

அரசரை விட்டுவிட்டுச் சாதாரண ஆட்களைத் தேடினால் வன்னியில் எவ்வளவு தூரம் போகலாம்? குடாநாட்டில் ஒல்லாந்தர் தோம்பு எழுதினார்கள். காணியும் குடியும் அதில் பதியப்பட்டன. பிறப்பு, இறப்புப் பதிவு 1867 இல் நாடு முழுவதற்கும் வந்தது. ஜே. பி. லூயிஸ் 1895 இல் எழுதிய வன்னி மாவட்டங்களின் கைநூல் கிராமம் கிராமமாகப் போகிறது. ஆனால் அந்த நூலில் திரும்பத் திரும்ப வருவது காய்ச்சல், கைவிட்ட குளம், ஆளில்லாத ஊர். மலேரியா இந்த நிலத்தின் பழைய குடும்பங்கள் பலவற்றை வேரோடு எடுத்தது. இன்று வன்னியர் என்று எம்மை நாமே அழைத்துக்கொள்ளும் பலருடைய பூட்டன்மார் இரணைமடுக் குளம் கட்டி முடிந்தபின், 1936 இல் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியபின், குடாநாட்டிலிருந்து வண்டில் கட்டி வந்தவர்கள். அதனால் பண்டாரவன்னியன் எமக்கு இல்லாமல் போய்விடவில்லை. அவர் எமக்குக் கிடைத்தது மண்ணால்; இரத்தத்தால் அல்ல என்பதே எமது கருத்து. பழைய குடிகளில் மிஞ்சியோரின் நினைவு ஏட்டைவிடக் கோயிலில்தான் பத்திரமாக இருக்கிறது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு மடைப்பண்டம் எடுப்பதில் எந்தக் குடும்பத்துக்கு என்ன வேலை என்று முள்ளியவளைக் கிழவிகளைக் கேட்டால் ஐந்து தலைமுறைப் பெயர் மூச்சுவிடாமல் வரும்.

இன்னொரு கூட்டத்தார் வன்னிக்கு வந்த வழி வேறு. இவர்களைப் பற்றிச் சொல்லாமல் எமது பாடசாலையின் நூற்றாண்டை எழுத முடியாது. இலங்கைப் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பேரன் இலங்கையில் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் கேட்கப்பட்டிருக்கும். தந்தை இலங்கையில் பிறக்காதவராயின் பூட்டனின் விபரம் கேட்கப்பட்டிருக்கும். ஏன் பூட்டன்வரை என்று நாம் பள்ளியில் ஒருநாளும் கேட்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தோடு வைத்துப் படித்தால் விளங்கும். தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பேரனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அதற்குக் கடதாசி எங்கே காட்டுவார்? ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவராயினர். வேறொரு நாட்டில் பூட்டனைத் தேடுவது பொழுதுபோக்கு. இங்கே பூட்டனைக் காட்ட முடியாதவர் கப்பல் ஏற வேண்டியிருந்தது.

1977 கலவரத்துக்குப் பின் அவர்களில் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எம்மோடு ஒரே வாங்கில் இருந்தார்கள். "உங்கடை பூர்வீகம் எங்கை?" என்ற கேள்விக்கு அவர்கள் தலைகுனிந்ததை நாம் பார்த்திருக்கிறோம். அரச வம்சப் பேச்சு எழும்போது அதற்குள் சாதியும் ஊரும் மெல்ல வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதை அப்போதே கண்டோம். குடியுரிமைப் பிரச்சினைக்குச் சட்டத்தில் முடிவு வர 2003 ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாங்கில் இருந்த கேள்விக்கு இன்னும் முடிவு வரவில்லை.

சிகிச்சை நிலையத்தில் நாம் வரையும் குடும்ப மரத்தில் அரசர் வருவதில்லை. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. மூன்று தலைமுறை போதும். மாரடைப்பா, புற்றுநோயா, எத்தனை வயதில் என்று பக்கத்தில் எழுத வேண்டும். வன்னியில் இந்தப் படத்தை வரையும் வைத்தியர் எவருக்கும் தெரியும்: குறுக்குக் கோடுகள் ஒரே ஆண்டில் வந்து விழும். 2009 என்று எழுதுவோம். காரணத்துக்கு நேரே எழுத நோயின் பெயர் இராது. பேரனுக்குச் சலரோகம் இருந்ததா என்று கேட்டால் "தெரியாது டொக்டர், அப்பாவையே எனக்கு நினைவில்லை" என்று பதில் வரும். அந்தப் பிள்ளையின் மார்புவலிக்கு எட்டாம் தலைமுறை வன்னியனால் எமக்கு ஒரு துப்பும் கிடைக்காது. இரண்டாம் தலைமுறை பேரனால் கிடைத்திருக்கும்.

கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால்வரை ஊர் ஊராக ஓடியவர்கள் பையில் எதை வைத்திருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் படம். பதுங்குகுழியில் நனைந்தவை போக மிஞ்சியவை செட்டிகுளத்து முகாமுக்குப் போயின. பிறகு நடமாடும் சேவைகளில் சான்றிதழ்களின் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். கலியாணப் படத்துக்குப் பிரதி இல்லை. ஆகவே எமது பகுதியில் மூன்றாம் தலைமுறைக்கு அப்பாலுள்ள ஆவணம் என்பது இப்போது எழுபது, எண்பது வயதைத் தாண்டிய பெண்களின் தலைக்குள்தான் இருக்கிறது.

அவர்களைக் கேட்க ஒரு முறை உண்டு. நோயாளியிடம் கேட்பதுபோலத்தான். ஆண்டைக் கேட்டால் தெரியாது என்பார்கள். "64 புயலுக்கு முன்னமோ பின்னமோ?", "57 வெள்ளத்துக்கு அம்மா எத்தனை மாதம்?" என்று கேட்டால் நாள் நட்சத்திரத்தோடு வரும். ஆண் வழியைக் கேட்டால் பெருமையான பெயர்கள் மட்டும் வரும். "உங்கடை அம்மம்மாவுக்குப் பிள்ளைப்பேறு பார்த்தது ஆர்?" என்று கேட்டால் ஊர் முழுவதும் வரும், பேசக்கூடாத உறவுகள் உட்பட. பிறந்து இறந்த குழந்தைகளையும் கேளுங்கள். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத பெயர்கள் அவை. ஒலிப்பதிவு செய்வதானால் அனுமதி கேட்டுச் செய்யுங்கள். அழுதால் நிறுத்துங்கள், தேநீர் குடித்துவிட்டு அவர்களாகத் தொடங்கினால் தொடருங்கள்.

எங்கள் தொகுதி மாணவிகள் சிலர் இதைத் தொடங்கியிருக்கிறோம். 80 பக்கக் கொப்பி ஒன்று, ஆளுக்கு ஒன்று. முதல் பக்கத்தில் தாய்வழிப் பெயர்கள்: நான், அம்மா, அம்மம்மா, அம்மம்மாவின் அம்மா. எம்மில் பெரும்பாலானோருக்கு நாலாவது பெயரில் பேனை நின்றது. பண்டாரவன்னியன் வழி என்று சொன்ன இருவரில் ஒருத்தி இப்போது ரொறன்ரோவில் இருக்கிறாள். மற்றவள் முல்லைத்தீவில் ஆசிரியை. ரொறன்ரோவில் இருப்பவளின் தாயார் 88 வயதில் அவளோடு இருக்கிறார். நாலாவது பெயரைக் கேட்டுச் சென்ற மாதம் தொலைபேசியில் சொன்னாள்: வள்ளியம்மை, ஊர் தண்ணீரூற்று. ஆசிரியைத் தோழியின் கொப்பியிலும் நாலாவது இடத்தில் தண்ணீரூற்று வள்ளியம்மை என்றே இருக்கிறது. ஒரே வள்ளியம்மையா, இரண்டு பேரா என்று அறிய, அடுத்த விடுமுறையில் தண்ணீரூற்றில் இரண்டு கிழவிகளைப் பார்க்கப் போகிறார்கள்.